பானையில் எண்ணூற்று எண்பத்தெட்டு

சித்திரை பத்தொன்பது, வியாழக்கிழமை, காலை ஆறே கால் மணி. ஆயிரம் விதை எண்ணி வைத்த பானையில் எண்ணூற்று எண்பத்தெட்டு இருந்தது. எடுத்தவள் பெயர் செவந்தி.

இங்கேயிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும், தம்பி. வக்கீல் வேறு எங்கிருந்தோ ஆரம்பிக்கச் சொல்கிறார். அவருக்கு அவரையைப் பற்றி என்ன தெரியும். உங்கள் மடியில் இருக்கிற பொட்டலத்தில் அவரை விதை என்று எழுதியிருக்கிறது, அதனால் உங்களிடம் சொல்கிறேன். கடையில் வாங்கியதா? முளைக்கும். இந்த வருஷம் முளைக்கும். அதிலிருந்து விதை எடுத்து அடுத்த ஆடிக்குப் போட்டுப் பாருங்கள், கொடி போகும், காய்க்கு நீங்கள் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான். என்னுடையது அப்படி இல்லை. பதினோரு வருஷத்துக்கு முன்னால் ஒட்டன்சத்திரம் சந்தையில் ஒரு லாரி டிரைவர் கொடுத்த பதினாலு விதை. காயின் விளிம்பில் சிவப்புக் கரை ஓடும். ஒரு கொடியில் எது நல்ல காயோ அதில் துணி கிழித்துக் கட்டிவிடுவேன். துணி கட்டின காயை யாரும் பறிக்கக் கூடாது. அது கொடியிலேயே முற்றிக் காய்ந்து, ஆட்டினால் கலகலவென்று சத்தம் வர வேண்டும். பதினோரு வருஷமாக அப்படித்தான் எடுக்கிறேன். மாசியில் உரித்து, செம்மண்ணைக் குழைத்துப் பூசி, இரண்டு நாள் வெயிலில் போட்டு, பானையில் கட்டி வைப்பேன். மண் பூசினால் வண்டு விழாது. எங்கள் பக்கம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆனால் எண்ணி வைக்கிறவன் நான் ஒருவன்தான்.

நூற்றுப் பன்னிரண்டு குறைந்தது. தவசியைக் கூப்பிட்டேன். தவசி என் சம்சாரம்.

"எலி தின்னுருக்கும்" என்றாள்.

"எலி மண்ணைக் கழுவிட்டா தின்னும்?" என்றேன். ஏனென்றால் கொல்லையில் துவைக்கிற கல்லுக்கு அடியில் செம்மண் தண்ணீர் ஓடிக் காய்ந்த தடம் இருந்தது. நான் பார்த்துவிட்டுத்தான் வந்திருந்தேன்.

"நான் கால் கழுவுனேன்" என்றாள். "செம்மண் காட்டுல நடந்துட்டு வந்து கழுவுனா சிவப்புத் தண்ணி வராம, பாலாவா வரும்?"

வாய் அவளுக்கு. சிரித்துவிட்டேன். அவள் கால்தான் கழுவியிருப்பாள். ஆனால் அந்தக் கல் பொதுக் கல். அதைச் சொல்ல வேண்டும்.

வீடு ஒன்றுதான். பாகம் பிரித்தபோது நடுவில் சுவர் வைத்தோம். அந்தப் பக்கம் என் தம்பி இருளாண்டி, அவன் பெண்டாட்டி செவந்தி. கொல்லைக் கடைசியில் ஒரு வேப்பமரம், அது யார் பாகம் என்பதில் பேச்சு வார்த்தை முறிந்து ஆறு வருஷம் ஆகிறது. சுவர், துவைக்கிற கல் வரைக்கும்தான் போகும். கல்லையும் குழாயையும் பிரிக்க முடியவில்லை. அந்த வழியாகத்தான் அவள் வந்திருக்கிறாள். வேறு யார் வருவார்கள்?

சந்தேகத்துக்குக் காரணம் இருக்கிறது. முந்தின வருஷம் அவரை விதை நாலு வேண்டும் என்று தவசியிடம் கேட்டிருக்கிறாள். என்னிடம் கேட்க மாட்டாள். எங்களில் புருஷனுடைய அண்ணனிடம் ஒரு பெண்பிள்ளை முகம் பார்த்துப் பேசுவதில்லை. பதினெட்டு வருஷம் ஆயிற்று அவள் வாக்கப்பட்டு வந்து, என்னிடம் ஒரு வார்த்தை நேராகப் பேசினது கிடையாது. என் மாடு அவிழ்ந்து ஓடினால்கூட வானத்தைப் பார்த்து, "யார் வீட்டு மாடோ ஓடுது" என்பாள். அந்த ஒழுங்கை நான் குறை சொல்லவில்லை. குறை சொல்ல வேண்டியதை மட்டும்தான் சொல்கிறேன்.

விதை தர முடியாது என்று தவசியிடம் சொல்லிவிட்டேன். "நாலு விதைல உங்க பானை வத்திருமா?" என்றாள். வற்றாது. ஆனால் பூ பூக்கும்போது சுவருக்கு அந்தப் பக்கமும் அதே பூ பூக்கும், இல்லையா? அப்புறம் என்னுடையது என்று எதைச் சொல்வது?

பஸ் ஜன்னலைச் சாத்திவிடுகிறீர்களா, தூசி வருகிறது. நீங்கள் தேனிக்கா? நானும் தேனிக்குத்தான். பத்தரைக்கு அங்கே ஒரு வேலை இருக்கிறது.

எடுத்தவளை எப்படிப் பிடிப்பது? ஒளிந்து நின்று பார்க்கலாம். தம்பி பெண்டாட்டியை ஒளிந்து நின்று பார்த்தான் என்று ஊர் பேசும். பஞ்சாயத்தில் சொல்லலாம். நூற்றுப் பன்னிரண்டு கொட்டைக்கா என்று சிரிப்பார்கள். அப்போதுதான் உரக்கடைக்குப் போனேன். விதைக்கு வண்டு விழுகிறது, மருந்து வேண்டும் என்றேன். கடைக்காரப் பையன் எனக்குத் தெரிந்தவன்தான். ஒரு புட்டியை எடுத்து வைத்தான்.

"இது ஆளுக்கு என்னப்பா செய்யும்?" என்று கேட்டேன்.

"அண்ணே, இது விதைக்கு" என்றான். "ஆளுக்கு எதுக்குக் கேக்குறீங்க?"

"தெரியாம தின்னுட்டா?"

"விதையை யாருண்ணே திம்பாங்க" என்று சிரித்தான். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "கையில உறை மாட்டிக்கங்க, ஆடு மாடு பக்கம் வைக்காதீங்க" என்றான்.

இதை அவன் கோர்ட்டிலும் சொல்லப் போகிறானாம். சொல்லட்டும். நான் இல்லை என்று சொல்லவில்லையே. விதைக்கு மருந்து போடுவது தப்பா? விவசாய ஆபீசிலேயே போடச் சொல்கிறார்கள். என் விதை, என் பானை, நான் வாங்கிய மருந்து.

கொல்லப் பார்த்தேன் என்கிறார்கள். இல்லவே இல்லை. வாந்தி வரும், வயிற்றால் போகும், நாலு பேர் என்ன தின்றாய் என்று கேட்பார்கள், அவள் வாயாலேயே சொல்ல வேண்டி வரும். என் கணக்கு அவ்வளவுதான்.

மறுபடி செம்மண் குழைத்தேன். மருந்தோடு குழைத்தேன். எண்ணூற்று எண்பத்தெட்டையும் பூசி மாடியில் சாக்கு விரித்துக் காயப் போட்டேன். தவசி மேலே வந்தாள்.

"எதுக்கு மறுபடியும் மண்ணு?"

"வண்டு விழுந்துருச்சு."

"வண்டா? நல்லாத்தானே இருந்துச்சு, நான் பாக்கலையே" என்றாள்.

"பானையைத் திறந்து பாத்தாத்தானே உனக்குத் தெரியும்" என்றேன்.

சாக்கின் ஓரத்தைக் காலால் இழுத்து நேராக்கினாள். அப்புறம் சிரித்துவிட்டுக் கீழே போய்விட்டாள். அவளுக்கு அவரையில் அக்கறை கிடையாது. அவரைக்காய் பறித்துக்கொண்டு போய்க் கொடுத்தால்கூட, "சந்தைக்கே போகட்டும்" என்பாள். இருபத்தாறு வருஷத்தில் எனக்கு அது வேண்டும் இது வேண்டும் என்று வாய் திறந்து கேட்காதவள். அப்படி ஒருத்தி.

அவளிடம் ஏன் சொல்லவில்லை என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். இன்ஸ்பெக்டர் கேட்டார், என் மகள் கேட்டாள், வக்கீல் இரண்டு தடவை கேட்டார். தவசியிடம் சொன்னால் அரை மணி நேரத்தில் சுவருக்கு அந்தப் பக்கம் போய்விடும். ஓரகத்திகள் இரண்டு பேரும் கல்லுப் பக்கத்தில் நின்று குசுகுசுவென்று பேசுவார்கள், நான் வந்தால் நிறுத்திவிடுவார்கள். திருடிக்குப் போர்டு எழுதி மாட்டச் சொல்கிறீர்களா? நீங்களே சொல்லுங்கள்.

பானை வாயைக் கட்டி, அடுக்களைப் பரணில் வைத்தேன். தினமும் காலையில் இறக்கி எண்ணினேன். எண்ணூற்று எண்பத்தெட்டு. மறுநாள் எண்ணூற்று எண்பத்தெட்டு. பத்து நாள் ஆயிற்று, பதினைந்து நாள் ஆயிற்று. தவசி அடுப்படியில் நின்றபடி, "கூடியிருக்கா, குறைஞ்சிருக்கா? குட்டி கிட்டி போட்டுருக்கா?" என்று கேட்பாள். எனக்கே சலித்துவிட்டது. மருந்தின் வாடை தெரிந்துவிட்டதோ, திருடி உஷாராகிவிட்டாளோ என்று நினைத்தேன்.

வைகாசி பதின்மூன்று, ஞாயிற்றுக்கிழமை. அன்றைக்கு ஆண்டிபட்டியில் ஒரு கல்யாணம். தவசியையும் கூப்பிட்டேன். "தலை வலிக்குது, நீங்க போய்ட்டு வாங்க" என்றாள். இருளாண்டியும் காலையிலேயே டிராக்டரை எடுத்துக்கொண்டு எங்கோ உழவுக்குப் போயிருந்தான். நான் மொய் வைத்து, சாப்பிட்டுவிட்டு, மூன்றரை மணி பஸ்ஸில் வந்து இறங்கினேன்.

வாசலில் நுழையும்போதே சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ ஓங்கரிக்கிற சத்தம் கேட்டது. செவந்தி. குடம் கவிழ்ந்த மாதிரி வாந்தி. நின்று கேட்டேன். பொய் சொல்லக் கூடாது, மனசுக்குள் ஒரு நிறைவு. மூன்று வாரம் காத்திருந்து மழை பெய்த மாதிரி. சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினேன். தவசியைக் கூப்பிட்டுச் சொல்ல வேண்டும் என்று கொல்லைக்குப் போனேன்.

தவசி மாட்டுக் கொட்டத்து ஓரமாகக் கிடந்தாள். வாயில் எச்சில் வழிந்து தரை நனைந்திருந்தது. கண் திறந்திருந்தது, என்னைப் பார்க்கிறாளா இல்லையா என்று தெரியவில்லை. அன்றைக்கு வெயில் அப்படி. வெயில் அடித்துவிட்டது என்று தூக்கி உட்காரவைத்து மோர் கொடுத்தேன். மோர் இறங்கவில்லை.

இரண்டும் ஒன்றுதானே என்று உங்களுக்குத் தோன்றுகிறது. உங்கள் முகத்தில் தெரிகிறது. எல்லோருக்கும் பிறகு தோன்றுகிறது. எனக்கு ஏன் தோன்ற வேண்டும்? அந்தப் பக்கம் கிடந்தவள் திருடி. இந்தப் பக்கம் கிடந்தவள் என் பெண்டாட்டி.

இருளாண்டி வந்து சேர்ந்தான். ஆம்புலன்ஸுக்கு அவன்தான் போன் போட்டான். ஒரே வண்டியில் இரண்டு பேரையும் ஏற்றினார்கள். நான் தவசியின் தலைமாட்டில், அவன் செவந்தியின் தலைமாட்டில். முழங்கால் முழங்காலில் இடித்தது.

டாக்டருக்குச் சின்ன வயது. வெளியூர். தவசியின் கண்ணை விரித்து டார்ச் அடித்துப் பார்த்தார்.

"மருந்து ஏதாவது குடிச்சாங்களா?"

"இல்லீங்க."

"வீட்டுல சண்டை, சத்தம்?"

"எங்க வீட்டுல அப்படிப்பட்ட ஆள் இல்லீங்க."

"நான் அதைக் கேக்கலைங்க. வீட்டுல பூச்சி மருந்து என்ன இருக்கு? பேர் தெரிஞ்சா வைத்தியம் பண்ண லேசா இருக்கும்."

என்ன கேட்கிறார் என்று எனக்குப் புரிந்தது. பெண்பிள்ளை வாயில் நுரை தள்ளினால் மருந்து குடித்தாள் என்று எழுதிவிடுவார்கள். அப்புறம் புருஷன் என்ன கொடுமை செய்தான் என்று போலீஸ் வரும். ஊரில் தலை காட்ட முடியாது. "ஒண்ணும் இல்லீங்க" என்றேன். "வெயில்."

தவசிக்கு அப்போது நினைவு இருந்தது. டாக்டர் குனிந்து, "என்னம்மா சாப்பிட்டீங்க?" என்று கேட்டார். அவள் டாக்டரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள்.

"பழைய சோறு" என்றாள். "பழைய சோறும் வெங்காயமும்."

அவள் பொய் சொல்கிறவள் இல்லை.

மறுநாள் காலை செவந்தி எழுந்துவிட்டாள். அவள் கொஞ்சம்தான் தின்றாளாம். கையில் ஊசிக் குழாயோடு வராந்தாவுக்கு வந்தாள். நாற்பது பேர் இருப்பார்கள் அந்த வராந்தாவில். என் முன்னால் வந்து நின்றாள், என் முகத்தைப் பார்த்தாள், பேசினாள்.

"மச்சான், அக்காவும் நானும் அவரைக்கொட்டைதான் குழம்பு வச்சுத் தின்னோம். உங்க பானையில எடுத்ததுதான். அக்காதான் எடுத்துக் கழுவிக் கொண்டாந்துச்சு. அதுக்கு அவரைன்னா உசுரு, உங்ககிட்டக் கேக்கப் பயம். உங்களுக்கு வாசனை தெரிஞ்சுரும்னு என் அடுப்புலதான் வைக்கும். அதுல ஏதும் போட்டிருந்தீங்களா? சொல்லுங்க மச்சான். உங்க காலைப் பிடிக்கிறேன்."

பதினெட்டு வருஷம் பேசாதவள், தம்பி. நாற்பது பேர் முன்னால். எனக்கு உடம்பெல்லாம் கூசியது. முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவளுக்குப் பின்னால் நின்ற இருளாண்டியைப் பார்த்து, "உன் பொண்டாட்டியை உள்ள கூட்டிட்டுப் போ" என்றேன். ஆறு வருஷத்தில் அவனிடம் நான் பேசின முதல் பேச்சு அதுதான்.

"அண்ணே, அவ கேக்குறதுக்குப் பதில் சொல்லு" என்றான்.

"எத்தனை எடுத்தான்னு கேளு" என்றேன்.

செவந்தி இரண்டு கையையும் விரித்துக் காட்டினாள். "ரெண்டு கைப்பிடி. ரெண்டே கைப்பிடி மச்சான்."

பாருங்கள், தன் வாயாலேயே ஒப்புக்கொண்டாள். நான் அன்றைக்கே போட்ட கணக்கு சரிதான். ஆனால் பழியைத் தவசி மேல் போட்டாள் பாருங்கள், அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. பேச முடியாமல் உள்ளே கிடக்கிறவள் மேல்.

மாற்றுத் துணி எடுக்க வீட்டுக்குப் போனேன். பானையை இறக்கி எண்ணினேன். எழுநூற்றுத் தொண்ணூற்று மூன்று. தொண்ணூற்றைந்து போயிருக்கிறது. இரண்டு கைப்பிடி என்றாளே, அதிலும் பொய்.

செவ்வாய்க்கிழமை தவசி கண் திறந்தாள். வாயில் இருந்த குழாயை எடுத்திருந்தார்கள். நான் பக்கத்தில் ஸ்டூலில் இருந்தேன். உதடு அசைந்தது. காதைக் கொண்டுபோனேன்.

"பானையை எண்ணுனீங்களா?"

"எண்ணுனேன்."

"எத்தனை?"

"எழுநூத்தித் தொண்ணூத்தி மூணு."

அவள் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். கண்ணில் தண்ணீர் வந்தது. சாகக் கிடக்கும்போதுகூட என் விதைக்காக அழுதாள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். "கவலைப்படாத, விதைக்கு இது போதும்" என்று சொன்னேன். அதற்குப் பிறகு அவள் பேசவில்லை.

புதன்கிழமை டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "அய்யா, இப்பவாவது சொல்லுங்க. நான் போலீஸ் இல்ல. என்ன மருந்துன்னு மட்டும் சொல்லுங்க" என்றார். சொல்லியிருக்கலாமே என்கிறார்கள். எப்படிச் சொல்வது? பானையில் மருந்து போட்டேன் என்று சொன்னால், அப்புறம் தவசி வயிற்றுக்கு அது எப்படிப் போயிற்று என்று கேட்பார். என் பெண்டாட்டி என் வீட்டிலேயே திருடினாள் என்று என் வாயால் சொல்ல வேண்டும். இருபத்தாறு வருஷம் என்னோடு மானமாக வாழ்ந்தவள். அவள் மானத்தை நான் காப்பாற்றினேன். அதை ஒருத்தரும் பேசுவதில்லை.

"தெரியலீங்க டாக்டர்" என்றேன்.

வியாழக்கிழமை விடியற்காலையில் போய்விட்டாள்.

காரியம் எல்லாம் முறைப்படி செய்தேன். பதினாறாம் நாள் முடிந்த மறுநாள் ஸ்டேஷனுக்குப் போனேன். யாரும் கூப்பிடவில்லை, நானாகத்தான் போனேன். செவந்தி மேல் திருட்டுப் புகார் எழுதிக் கொடுத்தேன். இரண்டு தடவை எடுத்திருக்கிறாள், மொத்தம் இருநூற்று ஏழு விதை, தேதியோடு எழுதினேன். இன்ஸ்பெக்டர் படித்துவிட்டு என்னையே பார்த்தார்.

"சின்னக்காளை, சம்சாரம் செத்து எத்தனை நாள் ஆகுது?"

"பதினேழு நாளுங்க."

"இதுக்கா வந்தீங்க?"

"சாட்சி இருக்குதுங்க" என்றேன். விதைக்கு நானூறை எடுத்து வைத்துக்கொண்டு மிச்சத்தைப் பானையோடு கொண்டுபோயிருந்தேன். மேஜை மேல் வைத்தேன். "எண்ணிப் பாருங்க. முந்நூத்தித் தொண்ணூத்தி மூணு இருக்கும்."

அவர் எண்ணவில்லை. கட்டை அவிழ்த்து, பானை வாயில் மூக்கை வைத்தார். சட்டென்று தலையைப் பின்னால் இழுத்துக்கொண்டார். ஏட்டைக் கூப்பிட்டு, "இதைத் தொடாம அப்படியே சீல் வைங்க" என்றார். புகாரை மரியாதையாக எடுத்துக்கொண்டார்கள் என்றுதான் நான் நினைத்தேன். ரசீதுகூடக் கொடுத்தார்கள்.

ஆடி பதினெட்டுக்கு நானூறையும் போட்டேன். மழை சரியாகப் பெய்தது. நானூறில் முந்நூற்றுத் தொண்ணூற்றொன்று முளைத்தது. அப்படி ஒரு முளைப்பு நான் பார்த்ததில்லை. மார்கழியில் ஜாமீனில் வந்து பார்த்தால், பந்தல் தெரியாமல் காய் தொங்கியது. ஊரில் ஒரு வீட்டில்கூட வாங்கவில்லை. சும்மா கொடுத்தாலும் கையை நீட்டவில்லை. சந்தையில் தராசில் வைத்துவிட்டு, எந்த ஊர் காய் என்று கேட்டு, இறக்கிவிட்டான் ஒருத்தன்.

இதோ, டிரைவர் கோர்ட்டு வாசலிலேயே நிறுத்துவார், நான் இறங்க வேண்டும். கொஞ்சம் காலை ஒதுக்கிக்கொள்ளுங்கள். என்ன, கைது எப்போது என்றா கேட்கிறீர்கள்? நான் அன்றைக்குக் கொடிக்குத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தேன். புகார் விஷயமாகத்தான் ஜீப் வருகிறது என்று மண்வெட்டியைப் போட்டுவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டு போனேன். ஐப்பசி இருபத்திரண்டாம் தேதி, வெள்ளிக்கிழமை, காலை பத்து மணி ஐந்து நிமிஷம்.